போனில் கத்தினவன்

"நம்ம கடையில யாரோ போன்ல கத்துறாங்க! அதனாலதான் பள்ளிக்கூடத்து நூறு பெஞ்சு ஆர்டரும் கைவிட்டுப் போச்சு. டீச்சரம்மா கடுதாசியே அனுப்பிட்டாங்க!"

மரச்சாமான் கடை முதலாளி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

போனை எடுப்பது மூன்றே பேர். அவர், அவர் மச்சான், ஆர்டர் எழுதும் பெண்.

"என்னை விட்டுடுங்க. நான் கோபத்தை விட்டு ரெண்டு வருஷமாச்சு. மீதி ரெண்டு பேர்ல யாரு?"

மச்சான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"நான்தான் சார்."

"அப்ப நாளையிலேருந்து நீ வரவேணாம்."

அவள் பையை எடுத்தாள். மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"இருங்க மாமா. இந்தப் போன்ல பேசுறதெல்லாம் பதிவாகுது. கேட்டுட்டு அப்புறம் அனுப்புங்க."

"வேணாம் சார்..." அவள் தடுப்பதற்குள் போன் பேச ஆரம்பித்துவிட்டது.

'பெஞ்சு என்ன மரத்துல காய்ச்சுத் தொங்குதா, பறிச்சுக் குடுக்க? அவசரம்னா பிள்ளைங்களத் தரையில உக்காரச் சொல்லுங்க! வைங்க போனை!'

முதலாளி எகிறினார். "இது ஆம்பளைக் குரலாச்சே? கீச்சுக் குரல்ல யாருடா இவன்? ஒரு டீச்சரம்மாகிட்டப் பேசுற பேச்சா இது? இப்படி ஒருத்தன் என் கடைக்குள்ள எப்படி வந்தான்?"

மச்சான் சட்டையில் இல்லாத மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"நம்ம குரல் வெளியிலேருந்து கேட்டா அப்படித்தான் இருக்கும் மாமா. நமக்கே அடையாளம் தெரியாது."

அடுத்த பதிவு தானாக ஓடியது. அந்தப் பெண்ணின் குரல்.

'மன்னிச்சுக்கங்க டீச்சர். கத்தினது கடைக்கு வந்த யாரோ வெளியாளு. எங்க முதலாளி தங்கமானவர்.'

முதலாளி மெல்ல உட்கார்ந்தார்.

"இப்படி எத்தனை பேருக்கும்மா சொல்லியிருக்கே?"

"இந்த மாசம் பதினொரு பேர் சார்."

முதல் பதிவை மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடாமல், குறுக்கே பேசாமல், கடைசி வரைக்கும் கேட்டார். ரெண்டு வருஷமாக அவர் விட்டது கோபத்தை அல்ல. அதைக் காதில் வாங்குவதை.

எழுந்தார். அவள் கையிலிருந்த பையை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"அந்த வெளியாள் மாட்டிக்கிட்டான்மா. டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு அவன்கிட்டக் குடு. இனிமேலாவது அவனே தன் வாயால மன்னிப்புக் கேக்கட்டும்!"