மூன்று நாள் குடும்பம்

"என்னை அம்மான்னு கூப்பிடு. அவரை அப்பான்னு கூப்பிடு. அவ்வளவுதான் உன் வேலை," என்றாள் ப்ரூடன்ஸ், சிறுமியின் தொப்பி நாடாவை இறுக்கிக் கட்டியபடி.

"நீங்க என் அம்மா இல்லையே," என்றாள் ஹோப். அவளுக்கு எட்டு வயது.

"தெரியும்டி. மூணு நாளைக்கு மட்டும்."

"பொய் சொன்னா நரகம்னு ஞாயித்துக்கிழமை சொன்னாங்களே."

"பிரசங்கம் மட்டும் இவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு," என்றான் வாசலில் நின்ற நத்தானியேல். பீப்பாய் செய்கிறவன். அவனும் ப்ரூடன்ஸும் அதுவரை சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. அன்று காலையிலிருந்து அவர்கள் கணவன் மனைவி.

எல்லாம் ஊர்ப் பெரியவர்களின் ஏற்பாடு. இங்கிலாந்திலிருந்து கப்பலில் அமெரிக்கக் கரைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாமல் அவர்களைக் குன்றில் புதைத்து, மண்ணைச் சமமாக்கி, மேலே சோளம் விதைத்திருந்தார்கள். இப்போது முதல் அறுவடைக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லும் விருந்து. அந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் ஆட்கள் தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். இந்த ஊரில் ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் மிஞ்சியவர்களைப் பொறுக்கி, வீட்டுக்கு ஒரு குடும்பமாக உட்காரவைத்திருந்தார்கள்.

"இதோ பார், நீ உளறினா நம்ம எல்லார் உசிரும் போயிடும்," என்றாள் ப்ரூடன்ஸ்.

ஹோப் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டு விருந்தாளி கீசுக். தோளில் ஒரு மானைச் சுமந்துகொண்டு, பத்து வயது மகனோடு வந்தான். மீன்பிடிக் கப்பல்காரர்களோடு பழகி அவனுக்கு ஆங்கிலம் வரும். வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசுவான்.

"என் பையன்," என்று முதுகில் தட்டி முன்னால் தள்ளினான்.

"எங்க பொண்ணு," என்றான் நத்தானியேல், அவனைவிட உரக்க.

வெளியே பலகை போட்டு உட்கார்ந்தார்கள். சாப்பிடும் முன் ஒவ்வொரு வீட்டுத் தலைவனும் தன் குடும்பத்துக்காக நன்றி சொல்ல வேண்டும். நத்தானியேல் கண்ணை மூடினான். "கர்த்தாவே, இந்த..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டான். கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்தான். "இந்த ரெண்டு பேருக்காக நன்றி."

"இதுவும் பொய்யா?" என்று ஹோப் காதோடு கேட்டாள்.

"சாப்பிடு," என்றாள் ப்ரூடன்ஸ்.

நத்தானியேல் மான் கறியைத் தலைகுனிந்து மென்றுகொண்டிருந்தான். ப்ரூடன்ஸ் அவனை முழங்கையால் இடித்தாள். "ஏதாவது குறை சொல்லுங்க. புருஷன்னா இப்படியா பேசாம சாப்பிடுவான்?"

"உப்பு ஜாஸ்தி."

"எங்க ஜாஸ்தி? நாக்குல ஏதாவது கோளாறா?"

"நீதானே குறை சொல்லச் சொன்னே!"

கீசுக் சிரித்துவிட்டான். "கல்யாணம் ஆகி எவ்வளவு நாள்?"

"ஏழு வருஷம்," என்றான் நத்தானியேல்.

"பன்னெண்டு வருஷம்," என்றாள் ப்ரூடன்ஸ், அதே நேரத்தில்.

இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நிஜக் கல்யாணத்தைச் சொன்னார்கள்.

"அவருக்கு அஞ்சு வருஷம் மறந்துபோச்சு," என்று ப்ரூடன்ஸ் சமாளித்தாள்.

"அந்த அஞ்சு வருஷம் சண்டை இல்லாம இருந்திருக்கும்," என்றான் கீசுக்.

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. விலாங்கு மீனில் முள் எடுத்து மகனின் முன் வைத்தான். பையன் வேண்டாம் என்று தலையாட்டினான். கீசுக் அவன் கன்னத்தைப் பிடித்து ஊட்டிவிட்டான். ஹோப் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் தன் மீனையும் ப்ரூடன்ஸின் பக்கம் நகர்த்தினாள். ப்ரூடன்ஸ் முள் எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாம் நாளும் தப்பித்தார்கள். மூன்றாம் நாள் மதியம் விருந்தாளிகள் கிளம்பத் தொடங்கினார்கள். கீசுக் சோளத் தோலில் கட்டிய ஒரு பொம்மையை ஹோப்பிடம் நீட்டினான்.

"உனக்கு. வீட்டுல தம்பி, தங்கச்சி உண்டா? இன்னொண்ணு செஞ்சு தரேன்."

"தம்பி இருந்தான்."

"இப்ப எங்கே?"

"குன்று மேல. சோளத்துக்கு அடியில," என்றாள் ஹோப். நிறுத்த முடியவில்லை. "அம்மா, அப்பா எல்லாரும் அங்கதான் இருக்காங்க. அங்க நிறையப் பேர் இருக்காங்க. இவங்க என் அம்மா இல்ல."

சொன்ன பிறகுதான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ப்ரூடன்ஸ் பாய்ந்து அவளை இழுத்துத் தன் பாவாடைக்குப் பின்னால் தள்ளினாள். கதவோரம் சாத்தியிருந்த துப்பாக்கியை நோக்கி நத்தானியேல் ஓர் அடி வைத்தான்.

"வேண்டாம்," என்றான் கீசுக்.

அவன் குன்றைப் பார்த்தான். பிறகு பலகையில் மறுபடி உட்கார்ந்தான்.

"எங்க பக்கமும் காய்ச்சல் வந்தது. உங்களுக்கு முன்னாடியே. புதைக்கக்கூட ஆள் இல்ல. எத்தனை பேர் மிச்சம்னு உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்க பெரியவங்க சொன்னாங்க."

பக்கத்தில் நின்ற பையனை அருகே இழுத்து, தோளோடு அணைத்துக்கொண்டான்.

"இவன் பேரே எனக்கு முந்தாநாள்தான் தெரியும்."