சம்பந்தியின் கப்பல்

பகல் சாப்பாடு முடிந்து வீடே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. விருந்துக்கு வந்த ஓய்வு பெற்ற நீதிபதி மட்டும் பூனை மாதிரி நடந்து, தன் சம்பந்தியான பல் டாக்டரின் பின்னறைக்குள் நுழைந்தார்.

மேஜையில், மெத்தென்ற துணி மேல் படுத்திருந்தது அந்தப் பாட்டில். உள்ளே பாய் விரித்த ஒரு கப்பல். மறுநாள் போட்டிக்குப் போக வேண்டியது.

பாட்டிலுக்குள் கப்பல் கட்டுவது ஒரு கிறுக்கு. கப்பலை வெளியே செய்து, பாய்மரங்களை மடக்கிப் படுக்க வைத்து, பாட்டிலின் கழுத்து வழியாக உள்ளே தள்ளி, நூலை இழுத்து நிமிர்த்த வேண்டும். அந்த நேரத்தில் பெண்டாட்டி கூப்பிட்டால்கூடக் காது கேட்காது. கப்பல் சங்கத்தில் பாதிப் பேர் சேர்ந்ததே அதற்காகத்தான். சங்கத்தின் முதல் பரிசு எப்போதும் டாக்டருக்கு, இரண்டாம் பரிசு நீதிபதிக்கு.

சங்கத்தின் விதிகளை எழுதியவரும் நீதிபதிதான். பாட்டிலை வெட்டியவன் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டு, ஆளையும் நீக்க வேண்டும் என்பது முதல் விதி. சொந்த மச்சானையே ஜெயிலுக்கு அனுப்பிய மனிதர் வேறெப்படி எழுதுவார்?

அவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். அடிப்பாகத்தைச் சுற்றி நகத்தால் மெல்ல வருடினார். ஓரிடத்தில் நகம் இடறியது.

"என்ன சம்பந்தி, தூங்கலையா?"

வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"அடியை வெட்டி, உள்ளே கப்பலை வெச்சு, திரும்ப ஒட்டியிருக்கீங்க" என்றார் நீதிபதி, தீர்ப்பு வாசிக்கும் குரலில்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"மெதுவா சம்பந்தி! உங்க பொண்ணு பக்கத்து ரூம்லதான் படுத்திருக்கு."

"எவ்வளவு நாளா நடக்குது இந்தத் திருட்டுத்தனம்?"

"கை நடுங்க ஆரம்பிச்சதுலேர்ந்து. பாய்மரத்தை நிமிர்த்தறதுக்குள்ள நூல் அறுந்துடுது."

"கை நடுங்கற ஆளு பல்லு புடுங்கலாமா?"

"அதுக்கு யாரும் மார்க் போடறதில்லையே."

நீதிபதி சிரிக்கவில்லை. டாக்டரின் கண் முன்னே சங்கத்துப் பலகை வந்து நின்றது. நாளைக்குப் பலகையில் பெயர் ஏறினால், பெற்ற மகன் முகத்தில் எப்படி விழிப்பது? மருமகளிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்க முடியுமா? கிளினிக்கில் வாயைத் திறந்து படுத்திருக்கிறவன்கூட அப்படியே சிரிப்பானே!

"உங்க கையைப் பிடிச்சுக் கேட்கறேன், என் மானத்தைக் கப்பலேத்திடாதீங்க."

"அது எப்பவோ ஏறி, பாட்டிலுக்குள்ள போய் உட்கார்ந்தாச்சு."

"உடம்பு சரியில்லைன்னு சொல்லி நாளைக்கு வராம இருந்துடறேன். முதல் பரிசு உங்களுக்கே கிடைச்சுடும்."

"எனக்கே லஞ்சமா?" நீதிபதி கண்ணை உருட்டினார்.

டாக்டர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. அழுகைகூட வந்துவிட்டது.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"என் சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது."

"இப்ப ஒண்ணு கேட்பேன். உள்ளது உள்ளபடி சொல்லணும். ஒரு வார்த்தை மறைச்சாலும் விஷயம் சங்கத்துக்குப் போயிடும்."

கூண்டில் நிற்கும் சாட்சியைப் போல டாக்டர் தலையாட்டினார்.

நீதிபதி தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். ஜன்னல் திரையை மூடினார். இன்னொரு நாற்காலியை டாக்டருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, காதோடு காதாகக் கேட்டார்:

"என்ன பசைங்க அது? நான் ஒட்டினா மட்டும் கோடு தெரியுதே!"