அனுபவ பாத்தியதை

கறுப்பு உடை மடிப்புக் கலையாமல், மாமியாரின் படுக்கையறைச் சன்னலை நாடா வைத்து அளந்துகொண்டிருந்தாள் முரியேல். பக்கத்துக் கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அறையில் தைல நெடி. கட்டிலுக்கடியில் மூத்திரச் சட்டி. உவ்வே என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். திரைச்சீலையைக் கிழித்துப் போட்டு, இந்தக் கட்டிலைக் கொளுத்தினால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

"அளந்து முடிச்சிட்டியாடி?"

வாசலில் கைத்தடியோடு மாமியார் லியோன்தின் நின்றிருந்தாள். எண்பதைத் தாண்டிய கிழவி. அன்று காலையில்தான் தன் ஒரே மகன் செர்ஜைப் புதைத்துவிட்டு வந்திருந்தாள்.

முரியேல் கொஞ்சமும் கூசவில்லை. "என்னைக்கா இருந்தாலும் அளக்கவேண்டியதுதானே அத்தை? அவர் போயிட்டாரு. இனிமே வீடு எனக்குத்தானே!"

சில வருஷங்களுக்கு முன் லியோன்தின் இந்த வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். சொந்தம் மகனுக்கு, சாகிறவரை அனுபவ பாத்தியதை தனக்கு. பிரான்சில், அவர்களுடைய ஓரியாக் ஊரில் வயதானவர்கள் பலரும் செய்கிற ஏற்பாடுதான். பத்திரம் எழுதிய நோட்டரி அதை வாசிக்கும்போது, அவர் அறை நாறுகிறது என்று முரியேல் எழுந்துபோய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு எல்லாமே நாற்றம்தான். பிள்ளை என்றால்கூட எச்சிலும் பீத்துணியும்தான் கண்முன் வரும். வேண்டவே வேண்டாம் என்று செர்ஜின் வாயை அடைத்துவிட்டாள்.

செர்ஜோடு இந்த வீட்டு மாடியில் குடியேறிய நாளிலிருந்து கிழவியின் மூச்சை எண்ணுவதே அவளுக்கு வேலை. கிழவிக்கு இருமல் வந்தால் இவள் முகம் மலரும். சீ, இப்படியும் ஒரு ஜென்மம்!

நாடாவைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அத்தையை முதியோர் இல்லத்துல சேர்க்கப் போறேன். இடம் பேசியாச்சு. அனுபவ பாத்தியதை வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நோட்டரியும் இங்கேயே இருக்காரு."

செர்ஜின் அத்தை மகள் ஒருத்தி பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "குழி மண்ணு கூடக் காயலையே, இன்னைக்கேவா?"

"ஏன், நீ வந்து அள்ளுவியா? ராத்திரி பூரா கோழை, அடுக்களை பூரா சீஸ் நாத்தம். எனக்குக் குமட்டுது!"

கிழவி கைக்குட்டையில் இருமிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நோட்டரி லாகார்த் கோப்பையைக் கீழே வைத்தார். "மதாம், அம்மா கையெழுத்துப் போட்டாலும் வீடு உங்களுக்கு வராதே."

"ஏன் வராது? புருஷன் சொத்து பொண்டாட்டிக்கு இல்லையா?"

"மத்ததுல உங்க பங்கு வரும். இந்த வீடு அம்மா தானமாக் கொடுத்தது. கொடுத்தவங்க உயிரோட இருக்கும்போதே வாங்கினவரு பிள்ளை இல்லாமப் போயிட்டா, வீடு கொடுத்தவங்களுக்கே திரும்பிடும். பெத்தவங்க வழக்கமாப் போடுற நிபந்தனைதான். அன்னைக்கு வாசிச்சேனே!"

"அப்போ… வீடு?"

"இன்னைக்கு முழுசா அம்மாவோடது."

முரியேலின் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தராவது பரிந்து பேசவேண்டுமே! அத்தை மகள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

முரியேல் ஓடிப்போய்க் கிழவியின் காலடியில் மண்டியிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தொடாத அந்தச் சுருங்கிய கையை, கோழை படிந்த கைக்குட்டையோடு சேர்த்துப் பிடித்துக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

"அத்தை, என்னைவிட்டா உங்களுக்கு யாரு இருக்கா? நான் பார்த்துக்கறேன் அத்தை. எல்லாம் நானே அள்ளுறேன்!"

லியோன்தின் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். அதைப் பாவாடையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"சீ, தொடாதேடி! மாடியைக் காலி பண்ணு."