ஒதுங்குகிற இடம்

சட்டையின் முதுகுப் பையில் போன் அதிர்ந்தது.

அவன் எடுக்கவில்லை. யாரென்று தெரியும். பெங்களூர் சைக்கிள் டீமின் மேனேஜர். மதியத்துக்குள் பதில் வேண்டும் என்று நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

காவல்கிணறு வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதக் காற்று எதிரே நின்று பேயாட்டம் ஆடியது. ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் வெறி பிடித்துச் சுற்றின.

ஐந்து சைக்கிள்கள். ஒன்றன் பின் ஒன்று, ஒட்டினாற்போல.

அவன் கடைசி.

முன்னால் போகிற நான்கு பேரும் இன்று அவனுக்காக எதிர்காற்றை வாங்குகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் காற்றே இல்லை. மிதிக்கிற கால்களுக்குப் பாதி வேலைதான்.

கூச்சமாக இருந்தது. பந்தியில் தனக்கு மட்டும் முதலில் இலை போட்டுவிட்டாற்போல நெளிந்தான்.

பதினான்கு வருஷம் அவன் பார்த்த வேலை இதற்கு நேர் எதிர். விக்ராந்துக்கு முன்னால் போவான். வருகிற காற்றையெல்லாம் தன் நெஞ்சில் வாங்குவான். விக்ராந்த் பின்னால் சொகுசாக வருவான். முடிவுக் கோட்டுக்கு இருநூறு மீட்டர் இருக்கையில், முன்னால் போகிற அவன் 'நீ போ' என்று முழங்கையை ஆட்டிவிட்டு இடப்பக்கம் ஒதுங்குவான்.

விக்ராந்த் பாய்வான். ஜெயிப்பான். கைகளை விரிப்பான். மறுநாள் பேப்பரில் படம் வரும்.

படத்தின் ஓரத்தில், மங்கலாக, அவனும் இருப்பான். சில படங்களில் அவன் முழங்கை மட்டும் இருக்கும்.

இந்த நாட்டில் பந்தயம் நடக்கிற ரோடெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்தக் கடைசி இருநூறு மீட்டர் மட்டும் தெரியாது. அதை அவன் எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் கடந்திருக்கிறான்.

அதில் அவனுக்கு வருத்தம் என்று சொன்னால் பொய். ஜெயிப்பதும் தோற்பதும் விக்ராந்தின் தலைவலி. ஒதுங்கினவனை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

போன மாதம் பழைய டீம் கலைந்தது. விக்ராந்த் பெங்களூருக்குப் போனான். கையோடு அவனையும் கூப்பிடுகிறான். அதே வேலை. பழகின இடம்.

இன்னொன்று, முன்னால் போகிற இவர்களின் நாகர்கோவில் டீம். புதுசு. பெயர்கூட ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் இவர்கள் கேட்பது வேறு. நாங்கள் காற்று வாங்குகிறோம், நீங்கள் ஜெயியுங்கள் என்கிறார்கள்.

ஆசை இல்லாமலா? நிறைய இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

முப்பத்தேழு வயது. நாலு பேர் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்து விட்ட பிறகு, கால் எழும்பாமல் போனால்? அப்புறம் அந்த நாலு முகத்தையும் எப்படிப் பார்ப்பது?

காலையில் அவன் மனைவி மேபல் இட்லித் தட்டை ணங்கென்று வைத்தாள்.

"ராத்திரி பூரா கெடந்து உருளுதீங்க. ஒரு தடவ அந்தப் பயலுவகூட ஓட்டிட்டுத்தான் வாங்களேன்."

வந்தாயிற்று.

முன்னால் போன சிவதாணு பின்பக்கம் கையை நீட்டினான். ஆள் ஆளாகப் பிடித்து இந்த டீமைச் சேர்த்தவன் அவன்தான். கையில் தண்ணீர் பாட்டில்.

அவன் வாங்கினான். வாங்கின கை அதுபாட்டுக்குப் பாட்டிலை முதுகுப் பையில் செருகிக்கொண்டது. பின்னால் வருகிற டீம் காரிலிருந்து வாங்கி வாங்கி விக்ராந்துக்குச் சுமந்துகொண்டு போன கை. அதற்கு வேறு என்ன தெரியும்?

சிவதாணு திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"அண்ணாச்சி, அது ஒங்களுக்குல்லா!"

எடுத்துக் குடித்தான்.

வளைவு தாண்டியதும் ரோடு நேராக நீண்டது. தூரத்தில் ஒரு மஞ்சள் மைல்கல். அதுதான் கோடு என்று பேசி வைத்திருந்தார்கள்.

வேகம் ஏறியது. முதலில் போனவன் உயிரை விட்டு மிதித்தான். ஓய்ந்ததும் விலகி, கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டான். அடுத்தவன். அதற்கடுத்தவன். கடைசியாகச் சிவதாணு. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தவன், முழங்கையை ஆட்டிவிட்டு விலகினான்.

இப்போது அவனுக்கு முன்னால் யாருமில்லை.

காற்று நெஞ்சில் வந்து அறைந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. இது தெரிந்த காற்று. இதை எப்படி வாங்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தலையைக் குனிந்து மிதித்தான்.

மைல்கல் நெருங்கியது. இன்னும் இருநூறு மீட்டர் இருக்கும்.

அவன் யோசிக்கவேயில்லை. முழங்கை ஆடியது. சைக்கிள் தானாக இடப்பக்கம் ஒதுங்கியது.

வலப்பக்கம் ஒரு சக்கரம் சீறிக்கொண்டு தாண்டிப் போகும் என்று காத்திருந்தான்.

ஒன்றும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தான்.

நான்கு பேரும் இடப்பக்கமே ஒதுங்கியிருந்தார்கள். அவன் பின்னால், ஒன்றன் பின் ஒன்றாக, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு. அவன் வேகம் குறைய, அவர்களும் குறைத்துக்கொண்டார்கள். தாண்டிப் போக நான்கு பேரில் ஒருத்தனுக்கும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை.

வலப்பக்கம் ரோடு மைல்கல் வரைக்கும் காலியாகக் கிடந்தது.

முதுகில் போன் மறுபடியும் அதிர்ந்தது.

அவன் சீட்டிலிருந்து எழுந்து, மைல்கல்லை நோக்கி மிதித்தான்.