சாக்கட்டி வட்டம்

கடுங்குளிரில் திரவமாக்கிய எரிவாயுவைச் சுமக்கப்போகும் தொட்டி அது. உள்ளே ஹீலியத்தை நிரப்பிவிட்டு, கசிவு பார்க்கும் யாஸ்மின் மோப்பக் கருவியின் முனையை வெல்டிங் தழும்பின் மேல் நகர்த்திக்கொண்டிருந்தாள். மயிரிழை அளவு ஹீலியம் வெளியே வந்தாலும் கருவி அலறும். தழும்பைப் போட்ட வெல்டர் தேவசகாயம் அவள் தோளருகே குனிந்து பார்த்தார். கருவி அலறியது.

"அண்ணே, கசியுது." சாக்கட்டியால் அங்கே வட்டம் போட்டாள்.

தேவசகாயம் தள்ளிப்போய்ச் சுவரில் சாய்ந்தார். முழுத் தழும்பையும் அறுத்தெறிய வேண்டும். இனி அவரை நம்பி ஒரு தொட்டியையும் தரமாட்டார்கள். யாஸ்மின் மறுபடி முனையை வட்டத்துக்குள் வைத்தாள். சத்தமே இல்லை. அவர் ஓடிவந்து குனிந்தார். மறுபடி அலறல்.

யாஸ்மின் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு முனையை மெல்லத் திருப்பி அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். கொட்டகையே அதிரக் கருவி கத்தியது.

"என்னண்ணே செஞ்சீங்க?"

"இப்பதாம்மா... பாப்பா சாப்பிடமாட்டேன்னு போன்ல ஒரே அழுகை. ஹீலியம் சிலிண்டர்லேர்ந்து கொஞ்சம் இழுத்து, கீச்சுக் குரல்ல பேசிக் காட்டினேன். சிரிச்சிட்டே சாப்பிட்டுட்டா."

"வாசல்ல போய் நில்லுங்க. கூப்பிடாம வராதீங்க."

தழும்பை முதலிலிருந்து கடைசிவரை மோப்பம் பிடித்தாள். கருவி வாயே திறக்கவில்லை. வட்டத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு, "வாங்கண்ணே" என்றாள்.

தேவசகாயம் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சை அடக்கியபடியே வந்து தழும்பைத் தடவினார். கண்கள் பிதுங்கின. யாஸ்மின் கருவியை அணைத்தாள்.

"இப்ப மூச்சு விடலாம்ணே."