மரப்பாச்சியின் கன்னம்

கண்ணாடி அலமாரியில் மரப்பாச்சிப் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நின்றிருந்தார்கள். மார்கழிக் குளிரில் அவள் கன்னம் வறண்டு வெடித்தது. தேங்காயெண்ணெயில் குழைந்த நாட்டுச் சர்க்கரை வந்து இதமாகத் தேய்த்துவிட்டது.

"என்ன சுகம்! இன்னும் கொஞ்சம் தேய்," என்றாள்.

மறுநாள் அவள் புருவம் மழுங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் மூக்கைக் காணோம். புருஷன் அவளைத் தன் பக்கம் இழுத்தான்.

"போதும்டி. உன்னை எனக்கே அடையாளம் தெரியாமப் போயிடும்."

"வழவழன்னு இருக்கேன்ல, உங்களுக்குப் பொறாமை," என்று சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு வாயும் இல்லை. இரண்டு கைகளாலும் சர்க்கரையைத் தள்ளினாள்.

"விடு அவளை!" என்று அவன் கத்தினான்.

"சும்மா இருங்கண்ணே. பாவம், இன்னும் எரியுது போல," என்று சர்க்கரை பரிவோடு மறுபடி அவள் மேல் சாய்ந்தது.