சொட்டு நீலம்

ஐந்து வீடுகள் முடிந்துவிட்டன. குழாயில் நீலம் வரவில்லை.

அவள் ஓடைக்குள் இறங்கி நின்றிருந்தாள். ரப்பர் செருப்பு சேற்றில் பாதி புதைந்திருந்தது. எதிரே, கரைச் சுவரில், பெரிய சிமெண்டுக் குழாயின் வாய். தெருவின் மழைநீர் வடிகால் அங்கே வந்துதான் முடிகிறது.

மழை பெய்து நாற்பது நாள் ஆகிறது. குழாயில் தண்ணீர் நின்றபாடில்லை.

தெருக்காரர்கள் ஞாயிறுதோறும் ஓடையைச் சுத்தம் செய்யத் தொடங்கி எட்டு மாதம். மெத்தை எடுத்தார்கள். டயர் எடுத்தார்கள். ஆகாயத்தாமரையை வண்டி வண்டியாக வாரினார்கள். நாற்றத்தை மட்டும் எடுக்க முடியவில்லை.

ஏதோ ஒரு வீட்டுக் கழிவறை இந்தக் குழாயில் சேர்கிறது. எந்த வீடு என்று தெரிந்துகொள்ளத்தான் நீலம். ஒவ்வொரு வீட்டுக் கழிவறையிலும் ஒரு பாட்டில் சொட்டு நீலத்தை ஊற்றி இரண்டு வாளி தண்ணீர் விடுவது. பத்து நிமிடம் பார்ப்பது. வீட்டுக் கழிவுத் தொட்டிக்குப் போயிருந்தால் இங்கே ஒன்றும் தெரியாது.

யோசனை அவளுடையது. பாட்டிலோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பது அவள் கணவர்.

பக்கத்தில் பரிமளா நின்றிருந்தாள். மூன்றாம் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவள்.

இரண்டு மாதத்துக்கு முன் எல்லோருடைய விரலும் பரிமளாவைத்தான் காட்டியது. அரிசி கழுவிய தண்ணீர் அவள் வீட்டிலிருந்து ஒரு குழாய் வழியே வெள்ளையாக வடிகாலுக்குப் போயிற்று. புளித்த மாவு நாற்றம்தான் என்று முடிவு கட்டினார்கள். அந்தக் குழாயை அடைத்தே ஆகவேண்டும் என்று முன்னால் நின்றது நீல யோசனை சொன்ன இவள்தான். கொத்தனார் வரவில்லை என்றதும் சிமெண்டைத் தன் கையாலேயே குழைத்தாள்.

அன்றிலிருந்து பரிமளா அரிசித் தண்ணீரை வாளியில் சுமந்துபோய்த் தெருக்கோடித் தென்னைக்கு ஊற்றுகிறாள். ஒரு நாளைக்கு இருபது வாளி.

நாற்றம் அப்படியே இருந்தது.

இன்று பரிமளாவை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே வந்து ஓடையில் இறங்கினாள்.

"நானும் பாக்கறனுங்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்றாம் வீட்டில் நீலம் ஊற்றியபோது இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்து நிமிடம். நீலம் வரவில்லை. பரிமளா சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

கைப்பேசி அடித்தது. கணவர்.

"ஆறாவதும் ஊத்தியாச்சு. நம்ம வீடுதான், சும்மா ஒரு பேச்சுக்கு. நீ கையக் கழுவிட்டு வா. டீ சொல்லிருக்கேன்."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் தொட்டி எடுக்கிற லாரி வந்து போயிருக்கிறது. இவர்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததே இல்லை. பதினோரு வருடமாக. வீட்டுக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்வாள். இவர் கூடவே நின்று பார்த்துப் பார்த்துக் கட்டிய தொட்டி. நிறைவதே இல்லை.

குழாயின் அடியில் ஒரு கோடு தெரிந்தது.

வானம் தண்ணீரில் தெரிகிறது என்று நினைத்தாள்.

கோடு தடித்தது. சாம்பல் நிறத் தண்ணீருக்கு நடுவே நீலமாக இறங்கி, அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டு, போன வாரம் வாரிச் சுத்தம் செய்த இடத்தில் விரிந்தது.

பதினோரு வருடம்.

நிறைவதே இல்லை.

"என்ன, வரலைதானே?" என்றார் கணவர்.

"வந்துருச்சுங்க."

மறுமுனையில் தெருக்காரர்களின் பேச்சுச் சத்தம் தேய்ந்தது. அவர் தள்ளிப் போகிறார் என்று தெரிந்தது. குரல் இறங்கியது.

"உன் பக்கத்துல யாரு?"

திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

பரிமளா பத்தடி தள்ளிப் போயிருந்தாள். முதுகைக் காட்டிக் குனிந்து, கரையில் சிக்கிய பிளாஸ்டிக் பை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். லேசாக இழுத்தால் வந்துவிடும் பை. இழுத்துக்கொண்டே இருந்தாள்.

காலடியில் நீலம் வெளுக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நிமிடம். அப்புறம் யார் வந்து பார்த்தாலும் வெறும் சாக்கடைத் தண்ணீர்.

"கேக்குதா? யாரு இருக்காங்கன்னேன்."

அவள் கைப்பேசியை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். ஆனால் உரக்கத்தான் பேசினாள். பத்தடி தூரத்துக்குக் கேட்கும்படி.

"மாடிப்படிக்கு அடியில மீதிச் சிமெண்ட் இருக்குதுங்க. எடுத்துக்கிட்டு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. நம்ம வீட்டுக் குழாய அடைக்கணும். நானே குழைச்சுக்கறேன்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். கைப்பேசியை அணைத்து இடுப்பில் செருகினாள்.

பரிமளாவின் கையில் பை வந்திருந்தது. உதறிக் கரையில் போட்டாள்.

"அடைச்சுட்டா நீங்க எங்கீங்க்கா போவீங்க?"

அதை அவள் யோசிக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்துருங்க. போன வாரந்தான் லாரி வந்து எடுத்துட்டுப் போச்சு. தொட்டி காலியாத்தான் கெடக்குது."

அவள் பரிமளாவின் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினாள்.

பரிமளா அதற்குள் அடுத்த பைக்குக் குனிந்துவிட்டாள்.

அது ஒரே இழுப்பில் வந்தது.